நான் மாற்றிச் சொன்ன பதில்

அன்று நான் உள்ளதைச் சொல்லியிருந்தால், அதே படத்தில் அதே வெள்ளை நிழல் டாக்டரம்மாவின் கண்ணுக்கு வேறாகத் தெரிந்திருக்குமா? அப்பாவின் எக்ஸ்ரே படத்தை அவர் ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தது நினைவுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. இன்றுவரை விடை தெரியவில்லை.

அப்போது நான் பள்ளியில் உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பாவுக்கு மூன்று வாரமாக விடாத இருமல். டாக்டரம்மாவுக்குத் தமிழ் வராது, அப்பாவுக்குச் சிங்களத்தில் ஓரிரு சொற்கள்தான். நடுவில் நான் நின்றேன். வலது நெஞ்சின் மேற்பகுதியில் இருந்த நிழலை விரலால் சுற்றிக் காட்டி, நிமோனியாவாக இருக்கலாம், பழைய வடுவாக இருக்கலாம், காசநோயாகவும் இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. "படம் பாதிதான் சொல்லும். மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா?"

அப்பா மறைக்கவில்லை. "இருந்துச்சுன்னு சொல்லும்மா. ஒன் சித்தப்பன் அதுலதானே போனான். ஒரே காம்பராவுலதானே எல்லாரும் படுத்துக் கெடந்தோம்."

அந்த நேரம் பார்த்து மருந்துச் சீட்டுகளை எடுக்க ஒருவர் உள்ளே வந்தார். அக்காவைப் பெண் கேட்டிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா. அந்த ஆஸ்பத்திரியில்தான் அவருக்கு வேலை. நான் டாக்டரம்மாவிடம் திரும்பி, யாருக்கும் இல்லை என்றேன். இல்லை என்பதற்கான சிங்களச் சொல் அப்பாவுக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். அந்தப் பெரியம்மாவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டரம்மா படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு நிமோனியாவுக்கு மருந்து எழுதினார். இரண்டு வாரத்தில் கட்டாயம் வர வேண்டும், சளியைச் சோதிக்க வேண்டியிருக்கலாம் என்றார். இருமல் கொஞ்சம் தணிந்தது. வேலை கெடும் என்று அப்பா போகவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, மறுபடி அதே கேள்வி வரும் என்ற பயம். அக்காவின் கல்யாணம் முடிந்த நான்காம் மாதம் இரத்தமாக இருமினார். நோயின் பெயர் தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

அக்கா கந்தப்பளையில் நன்றாக இருக்கிறாள். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "படம் பாக்கத் தெரியாத குருடி, எம் புருசன கொன்னுட்டா" என்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இப்போது என் மூன்று வயது மகளுக்கு இருமல். அவள் படத்திலும் ஏதோ நிழலாம். படம் எடுத்த இடத்தில் அதே டாக்டரம்மாவிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் நெஞ்சுப் படம் பார்க்க அவரை விட்டால் ஆளில்லை. "அவகிட்ட எம் பேத்திய காட்டவா? நான் செத்த பொறகு காட்டு" என்று அம்மா படத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பூட்டுமுன் நானும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு நிழல். என்னவென்று எனக்குத் தெரியவில்லை. மீதியைச் சொல்ல வேண்டியவள் நான் என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த கிளினிக்குக்கு முன் அம்மாவிடம் பேசியாக வேண்டும். அப்பா உண்மையைத்தான் சொன்னார், மாற்றியவள் நான். உங்களில் யாராவது பெற்றவளிடம் இப்படியொன்றைச் சொல்லியிருந்தால், எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.