கேனில் இறங்கிய டீசல்

அன்று காலையிலிருந்து எங்கள் பசு ஈன முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்து பார்த்த கால்நடை டாக்டர், கன்றின் தலை பின்பக்கமாக மடங்கிக் கிடக்கிறது, தன்னால் திருப்ப முடியவில்லை, மதுரையில் பெரிய மாட்டாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார். பிக்கப்பில் வைக்கோல் பரப்பி, அக்கம்பக்கத்தார் பிடிக்க, அதை ஏற்றிப் படுக்கவைத்தோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். நான் பின்னால் பசுவோடு உட்கார்ந்தேன்.

செக்கானூரணி தாண்டியதும் வண்டி இழுவை விட்டது. மிதிக்க மிதிக்க இஞ்சின் திணறி, ரோட்டோரமாக நின்றுபோனது. திரும்ப ஸ்டார்ட் ஆனது. வேகம் எடுத்ததும் அணைந்தது. வேறு வண்டி கேட்டுச் சிலரைக் கூப்பிட்டுப் பார்த்தார். முகூர்த்த நாள், யாரிடமும் வண்டியில்லை. பசுவின் வாயில் நுரை கட்டியிருந்தது.

காளவாசலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தன் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். டீசல் ஃபில்டர் மாற்றி ரொம்ப நாள் ஆகவில்லை என்று இவர் சொன்னதும், அப்படியானால் டீசல் போதிய அழுத்தத்தோடு இஞ்சினுக்கு வரவில்லை, தடை எங்கே என்று பார்க்கவேண்டும் என்றான் அவன். இவர் வண்டிக்கடியில் படுத்துக் குழாய்களைத் தடவிப் பார்த்தார். கசிவு இல்லை. ஃபில்டரின் மேலிருந்த கைப்பம்பை என்னை அழுத்தச் சொன்னார்கள்.

"எப்படி இருக்கு மதினி?" என்றான்.

"அமுக்குனா உள்ள போன மேனிக்கே நிக்குது. மேல வர மாட்டேங்குது."

"அப்ப டேங்குக்குள்ளதான் அடைப்பு. டீசலை உறிஞ்ச முடியல."

பவர் டில்லருக்கு வாங்கிய டீசல் ஒரு கேனில் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதோடு புது ரப்பர் டியூபும் கிடந்தது. டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த டியூபை மாட்டி, மறுமுனையை நான் உட்கார்ந்திருந்த பின்பக்கத்துக்கு இழுத்துக் கேனுக்குள் விடச் சொன்னான். கைப்பம்பை அடித்தேன். இப்போது அது கையை எதிர்த்துத் துள்ளி எழுந்தது. அடிக்க அடிக்க இறுகியது. வண்டி ஒரே சத்தத்தில் பிடித்துக்கொண்டது.

"எரிஞ்சது போக மிச்ச டீசல் டேங்குக்குத்தான் திரும்பும், கேனுக்கு வராது. சீக்கிரம் எறங்கிரும்ணே. நான் டீசலோட காளவாசல் சிக்னல்கிட்ட நிக்கேன்."

கேனை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கி, டியூப் நழுவாமல் பிடித்துக்கொண்டேன். பசு காலை உதறினால் எல்லாம் கவிழ்ந்துவிடும். வெள்ளைக் கேனில் டீசல் இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. நாகமலை அருகே பசுவின் முனகல் நின்றுவிட்டது. கழுத்தில் கை வைத்தேன், மூச்சு இருந்தது. கண்ணாடியைத் தட்டி, போங்க போங்க என்று கத்தினேன். இஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

காளவாசலில் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அடியில் கிடந்த கொஞ்சத்துக்காகக் கேனைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். கொழுந்தன் ஓடிவந்து ஏறி, கொண்டுவந்த டீசலை ஊற்றினான்.

ஆஸ்பத்திரியில் வெகுநேரம் போராடிக் கன்றை வெளியே எடுத்தார்கள். கிடாரி. உயிர் இல்லை. எப்போது போனதென்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்தால், ரோட்டில் நின்ற நேரத்தைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

பசு எழுந்து நிற்பதற்குள், கொழுந்தன் டேங்கைத் திறந்து, உறிஞ்சுகுழாயின் வலையில் கூழாக அப்பியிருந்த கசடை வழித்தெடுத்திருந்தான். திரும்பும்போது வண்டி நன்றாக இழுத்தது. நான் பின்னாலேயே உட்கார்ந்து வந்தேன். பசு நின்றபடி வந்தது. வழிநெடுக அதன் மடியிலிருந்து சீம்பால் வைக்கோலில் சொட்டிக்கொண்டிருந்தது.