புல்லோடு நின்ற பூ

துக்கம் கேட்க வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று அண்ணன் மொட்டைமாடியைச் சுத்தம் செய்தார். அக்கா போய் மூன்றாம் நாள். அவளுடைய தொட்டிகளில் மண்டிக் கிடந்த புல்லையெல்லாம் வேரோடு பிடுங்கிவிட்டு, பூச்செடிகளை மட்டும் விட்டுவைத்தார். மறுநாள் நான் மேலே போனேன். சுத்தமான மண்ணில் இளஞ்சிவப்புப் பூக்கள் தலை தொங்கி நின்றன.

அந்தப் புல் இல்லாமல் அந்தச் செடி பிழைக்காது.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். வீட்டில் அவளுக்குப் பெயரே எக்ஸ்ரேதான். பொய் சொன்னால் எலும்புவரை பார்த்துவிடுவாள். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டு மாடியறையிலேயே இருந்துவிட்டாள். மூக்கு நுனியில் கோபம். கை ஒடிந்து வந்த பெரிய டாக்டரையே, "ஆடாம இருங்கன்னா ஆடாம இருக்கணும்" என்று அதட்டியவள்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த புல்வெளியில்தான் அந்தப் பூவைப் பார்த்தாள். மணி மாதிரி சின்னப் பூ, தொண்டையில் கருஞ்சிவப்பு. யாரைக் கேட்டாலும் "ஏதோ களை" என்றார்கள். அந்தப் பதில் அவளுக்குப் பொறுக்கவில்லை. தோண்டியெடுத்து, புல்லை உதறிவிட்டு, தொட்டியில் வைத்தாள். வாடியது. உரம் போட்டாள், இன்னும் சீக்கிரம் வாடியது. "சாகறதுக்குன்னே என் கைக்கு வருது சனியன்" என்று தொட்டியை எட்டி உதைத்தாள். கால்விரல் வீங்கியது. தன் காலுக்குத் தானே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டாள்.

கடைசியில் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் ஒரு டீச்சரிடம் போனாள். "பூவ மட்டும் வச்சுச் சொல்ல முடியாதும்மா. மண்ணோட கட்டியா பேத்துக் கொண்டாங்க" என்றார் அவர். வாளித் தண்ணீரில் மெல்ல அலசியபோது தெரிந்தது. செடியின் வேரில் கடுகளவு முடிச்சுகள். ஒவ்வொன்றும் பக்கத்துப் புல்லின் வேரைக் கவ்விப் பிடித்திருந்தது. டீச்சர் லத்தீனில் ஒரு பெயர் சொன்னார். சாப்பிடும்போது அக்கா அதையே சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

"ஒட்டுண்ணின்னு சொல்லு," என்றார் அண்ணன். "உன்ன மாதிரி."

"என்னங்க பேச்சு இது?" என்றாள் அண்ணி.

அக்கா தட்டைத் தள்ளினாள். "அது பச்சையா இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியலையா? தன் சோத்தத் தானே ஆக்கிக்குது. தண்ணிக்குத்தான் பக்கத்துல கை நீட்டுது. அப்பா படுக்கையில கெடந்தப்ப யாருகிட்ட கைய நீட்டுனீங்க? எங்கிட்டத்தானே?"

அண்ணன் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

அதன்பின் புல்லும் செடியும் ஒரே கட்டியாகவே தொட்டிக்கு வந்தன. பிழைத்தன, பூத்தன. ஆஸ்பத்திரிக்காரர்கள் புல்வெளிமேல் சிமெண்ட் ஊற்றி வண்டி நிறுத்த இடம் செய்தார்கள். அக்கா போய்க் கத்தியும் பலிக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை இந்தப் பக்கத்தில் அந்தச் செடி மிச்சம் இருந்தது அவள் தொட்டிகளில்தான். விதை முற்றட்டும் என்று காத்திருந்தாள். அதற்குள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு நின்றுவிட்டது.

"புல்லைத் தொடாதீங்கன்னு எத்தன தடவ சொன்னா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"புல்லைத்தானே புடுங்குனேன்? பூவுல கை வச்சேனா? தண்ணிகூட ஊத்தியிருக்கேன். நல்லது செஞ்சா பொல்லாப்பா?"

வெறுப்பில் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவள் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதே இல்லை. நாற்பது வருஷம் ஒரே கூரை.

செடிகள் காய்ந்தன. அடிக்கிளைக் காய்கள் மட்டும் பழுப்பேறியிருந்தன. கசக்கினால் மூக்குப்பொடி போல விதை. உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு கீழே வந்தேன். வீட்டு முன்னால் அண்ணனின் புல்தரை. ஞாயிறுதோறும் சீப்பு வைத்து வாராத குறையாக வெட்டுவார். நடுவில் நின்று விதையைத் தூவினேன். குழாயைத் திறந்தேன்.

"அங்க என்ன பண்ற?" வாசலிலிருந்து அண்ணன்.

"புல்லுக்குத் தண்ணி விடறேண்ணா."

"நல்லா விடு. காஞ்சு கெடக்கு."

நன்றாகவே விட்டேன். முளைத்தால் பிடுங்கிப் பார்க்கட்டும். அவர் புல்லும் சேர்ந்துதான் வரும்.