டெல்பினின் ஒற்றைக் கொட்டேஷன்

டெல்பினுக்கு இரண்டு கையாலும் கையெழுத்துப் போடத் தெரியும். வித்தை காட்டுவதற்காகக் கற்றதல்ல, சம்பளத்துக்காகக் கற்றது. தி.நகரில் முத்துகிருஷ்ணன் அண்ணாச்சியின் பைப் கடையில், மாடியறையின் மூலையில் அவளுக்கு ஒரு நாற்காலி உண்டு. மேசை இழுப்பறையில் ஐந்தாறு கம்பெனிகளின் லெட்டர்பேடுகள் இருந்தன. ஒன்று அண்ணாச்சியின் மச்சான் பெயரில், ஒன்று அவருடைய குலதெய்வத்தின் பெயரில், இன்னொன்று யார் பெயரில் என்று அண்ணாச்சிக்கே மறந்துபோயிருந்தது. அத்தனை கம்பெனிக்கும் முதலாளி, மேனேஜர், கிளார்க் எல்லாமே டெல்பின்தான்.

விஷயம் இதுதான். அபார்ட்மெண்ட் சங்கங்களில் பெரிய வேலை என்றால் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருப்பார்கள். நல்ல விதிதான். மூன்று பேரிடம் கேட்டால் நியாயமான விலை எதுவென்று தெரிந்துவிடும். ஆனால் மூன்று பேரைத் தேடிக்கொண்டு யார் அலைவது? செயலாளர் தனக்குத் தோதான ஒருவரைக் கூப்பிட்டு, மற்ற இரண்டையும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள் என்பார். அவரும் வேறு கம்பெனி பெயர்களில், தன் விலையைவிடக் கொஞ்சம் கூட்டிப் போட்டு இரண்டு தாளைச் சேர்த்துக் கொடுப்பார். ஃபைல் நிறையும், விதியும் பிழைத்துக்கொள்ளும், எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கலைவார்கள். அண்ணாச்சி கடையில் அந்த உபரித் தாள்களை அடிப்பதுதான் டெல்பினின் உத்தியோகம். ஒரு கம்பெனிக்கு வலது கையால் கையெழுத்து, இன்னொன்றுக்கு இடது கையால்.

வருஷக்கணக்கில் இப்படி ஓடியது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிளம்பர்களோடு போய் வேலை நடக்கும் இடங்களைப் பார்த்துப் பார்த்து, எந்த பைப் எங்கே போகிறது, எதை உடைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் அண்ணாச்சியிடம், "சைட் பாக்க நானே போறேன் அண்ணாச்சி" என்று கேட்டாள். கடை நிறைய ஆள் இருந்த நேரம். "நீ போய் பைப்பப் பாத்து என்னம்மா சொல்லப் போற? அது உங்கிட்ட பேசவா செய்யும்?" என்று அவர் சிரித்தார். கடையே சிரித்தது. அன்று சாயங்காலம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கியவள் மறுபடி அந்தப் படியை மிதிக்கவில்லை. அடுத்த வாரம் அண்ணாச்சியின் பிளம்பர் வெள்ளைத்துரையும் அவள் பின்னால் வந்துவிட்டான்.

சாந்தோமில் வீட்டு முன்னறையிலேயே 'டெல்பின் பிளம்பிங் சர்வீஸ்' பிறந்தது. ஆபீஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது, எல்லாம் அவள் கைபேசிக்குள்தான். வேலைக்காரர்களை வெளியே அனுப்பித் தொழில் செய்பவர்களுக்கென்று வந்திருக்கும் ஒரு மொபைல் ஆப்புக்கு மாதச் சந்தா கட்டினாள். ஸ்கூட்டரில் போய் இறங்குவாள், கசிவைப் படம் எடுப்பாள், எந்தச் சாமான், எத்தனை ஆள், எத்தனை நாள் என்று அங்கேயே நின்று தட்டுவாள். வேலையில் எது சேராது என்பதையும் மறக்காமல் எழுதுவாள், ஏனென்றால் எல்லாச் சண்டையும் அங்கேதான் தொடங்கும். பிறகு 'அனுப்பு' என்று ஒரு தட்டு. வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் போய் விழும். திறந்து பார்த்துப் பிடித்திருந்தால் 'சம்மதம்' என்ற பச்சைப் பொத்தானை அவர் அழுத்தலாம். அவர் திறந்தாரா இல்லையா என்பதையும் ஆப் சொல்லிவிடும். ஒவ்வொரு எஸ்டிமேட்டின் தலையிலும் அவள் பெயர்தான். முதல் எஸ்டிமேட்டை அனுப்பியபோது அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

சந்தோஷம் சோறு போடாது என்பது அடுத்த மாதங்களில் தெரிந்தது. குழாய்க்கு வாஷர், சிங்க்கில் அடைப்பு என்று சில்லறை வேலைகள் வந்தனவே தவிர, பெரிய வேலை எதுவும் வரவில்லை. தி.நகரில் அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கிறிஸ்துமஸுக்குள்ள திரும்பி வந்துருவா பாருங்க. நாற்காலியத் தொடச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைத்துரை அதைக் கேட்டுவந்து சொன்னான். டெல்பினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு பெரிய வேலை கிடைக்காவிட்டால் அந்த நாற்காலிதான் கதி என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தப் பெரிய வேலை மந்தைவெளியில் வந்தது. பழைய அபார்ட்மெண்ட் ஒன்றில் மேலிருந்து கீழ் வரை கழிவுநீர்ப் பைப் முழுவதையும் மாற்ற வேண்டும். இரண்டாவது மாடி ஷகீலா வீட்டு சிங்க்கை டெல்பின் சரிசெய்து கொடுத்திருந்ததால், ஷகீலாதான் அவள் பெயரைச் சங்கத்தில் சொன்னாள். டெல்பின் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கிப் படம் எடுத்து முடித்தபோது, செயலாளர் ஸ்ரீரங்கன் கீழே காபி டம்ளரோடு காத்திருந்தார். ரிட்டயரான மனிதர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது.

"நீங்க அனுப்பறேள், சரி. அதோட இன்னும் ரெண்டு பேர் கொட்டேஷனையும் நீங்களே வாங்கிண்டு வந்துடுங்கோ. பேப்பர்ல வேணும். ஃபைல்ல கட்டணுமோன்னோ? லிங்க்ல எப்படிம்மா ஓட்டை போடறது?"

"சார், என்னோடது என்கிட்டருந்து வரும். அடுத்தவங்களோடது அடுத்தவங்ககிட்டருந்துதான் வரணும்."

"எல்லாரும் பண்றதுதானேம்மா."

"நானும் பண்ணவதான் சார். அதான் வேணாங்கறேன்."

"அப்போ வேலை கெடைக்கறது கஷ்டம்" என்றார் ஸ்ரீரங்கன். அவர் குரலில் விரோதம் எதுவும் இல்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

டெல்பின் அங்கேயே நின்று எஸ்டிமேட்டை முடித்து அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தாள். வீட்டில் கணவன் இக்னேஷியஸ் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், விதிகளில் நம்பிக்கை உள்ளவன். ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

"ரெண்டே பேப்பர், டெல்பி. உனக்கு இன்னா, கண்ண மூடினு அடிப்ப."

"அதான் பயமா கீது. கண்ண மூடினேதான் அடிப்பேன். அப்பறம் அந்த நாற்காலிக்கும் இந்த ஸ்கூட்டருக்கும் இன்னா வித்தியாசம்?"

இரண்டு வாரம் போனது. ஸ்ரீரங்கன் லிங்க்கைத் திறக்கவே இல்லை என்று ஆப் தினமும் சொன்னது. ஒரு சனிக்கிழமை காலையில் ஷகீலா போன் செய்தாள்.

"இன்னா டெல்பின், இவ்ளோ போட்டுக்கீங்க? நான் உங்கள நம்பி எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். மூணுலயே உங்க கொட்டேஷன்தான் ரொம்ப ஜாஸ்தி."

"எந்தக் கொட்டேஷன்?"

"செகரட்ரி குரூப்புல போட்டுக்கிறாரே, பேப்பரு."

ஷகீலா படத்தை அனுப்பினாள். மூன்று தாள்கள். ஒன்று அண்ணாச்சி கடையின் பெயரில். இன்னொன்று அவர் குலதெய்வத்தின் கம்பெனி, டெல்பின் இடது கையால் வளர்த்த கம்பெனி. மூன்றாவதன் தலைப்பில் 'டெல்பின் பிளம்பிங் சர்வீஸ்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் ஒரு கையெழுத்தும் இருந்தது. அவள் கேட்ட தொகையைவிட எக்கச்சக்கமாகப் போட்டிருந்தார்கள்.

இத்தனை வருஷம் ஊரார் பெயரிலெல்லாம் பொய்த் தாள் அடித்தவளுக்கு, தன் பெயரிலேயே ஒன்று வரும் என்று மட்டும் தோன்றவே இல்லை. பாடுபட்டு உண்டாக்கின பெயர். அதையும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்களே! ஷகீலாவிடம் எல்லா வீட்டுக்காரர்களின் எண்களையும் கேட்டு வாங்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பொதுக்குழுக் கூட்டம். சர்ச்சில் பூசை முடிந்ததும் அதே பட்டுப்புடவையோடு டெல்பின் மந்தைவெளிக்குப் போனாள். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஸ்ரீரங்கன் மூன்று தாள்களையும் உயர்த்திப் பிடித்து, விலை குறைந்ததற்கே வேலையைக் கொடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுல ஒண்ணு என் பேர்ல கீது, ஆனா நான் குடுக்கல" என்றாள் டெல்பின்.

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்ரீரங்கன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முத்துகிருஷ்ணன்தான் குடுத்தார்மா. நம்ம கடைப் பொண்ணுதான், அவ பேப்பரையும் நானே தரேன்னார்."

"கடைப் பொண்ணா இருந்தேன் சார். அப்ப இந்த மாதிரி பேப்பர் நான்தான் அடிப்பேன். அந்த ரெண்டாவது கம்பெனி இருக்கே, அப்படி ஒரு கம்பெனியே கெடையாது. அப்பல்லாம் அதுக்குக் கையெழுத்துப் போட்டது என் எடது கைதான். உங்களுக்கு நான் அனுப்பின எஸ்டிமேட்ட நீங்க இன்னிவரைக்கும் தொறக்கல. இப்ப எல்லாருக்கும் அனுப்பறேன், நீங்களே பாத்துக்குங்க."

தட்டினாள். கார் நிறுத்துமிடம் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக போன்கள் சத்தம் போட்டன. படம் படமாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் முதலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, பிறகு அது கூச்சலானது. விரல்களெல்லாம் ஸ்ரீரங்கனை நோக்கி நீண்டன. அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒரு காசு தொட்டவன் இல்லை. ஆடிட்டருக்கு மூணு பேப்பர் வேணும். விதி அப்படி" என்றார். அது உண்மைதான். அதனால்தான் டெல்பினுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. திருடியிருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

"விதி மூணு பேரைக் கேக்கச் சொல்லுது சார், மூணு பேப்பர இல்ல. அடையாறுல ஆதில்னு ஒருத்தர் கீறாரு, நல்ல வேலைக்காரரு. பெருங்குடியிலயும் ஒரு பார்ட்டி கீது. ரெண்டு நம்பரும் தரேன், கூப்பிட்டுக் கேளுங்க. அவங்க கொறைச்சலா குடுத்தா அவங்களுக்கே குடுங்க. நான் ஒரு ரூபா கொறைக்க மாட்டேன். தோத்தாலும் நெசமான ஆள்கிட்ட தோத்துட்டுப் போறேன்."

சொன்னபடியே தோற்றாள். ஆதில் வந்து பார்த்து, அவளைவிடக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தான். முறைப்படி வேலை அவனுக்குப் போனது. நம்பரையும் கொடுத்து வேலையையும் கொடுத்தவள் இந்த மெட்ராஸிலேயே நீ ஒருத்திதான் என்றான் இக்னேஷியஸ். டெல்பின் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். அன்று சாயங்காலம் அவள் அழுதாள். அதை மறைப்பானேன்? கையில் வந்த வேலை போனால் யாருக்கும் வலிக்கும்.

ஆனால் அந்தக் கட்டிடத்தில் வீட்டுக்கு வீடு அவள் எஸ்டிமேட் போன்களுக்குள் உட்கார்ந்திருந்தது. முதலில் ஷகீலா தன் பாத்ரூமை முழுதாக மாற்றச் சொல்லி 'சம்மதம்' அழுத்தினாள். பிறகு மூன்றாவது மாடியில் ஒரு சமையலறை. பிறகு அவர்களுடைய உறவுக்காரர் ஒருவரின் அபிராமபுரத்து வீடு. வெள்ளைத்துரைக்குத் துணையாக இன்னோர் ஆளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. டிசம்பர் பிறந்ததும் ஸ்ரீரங்கனே கூப்பிட்டார். கொஞ்சம் தயங்கித்தான் பேசினார்.

"எங்காத்து பாத்ரூம்லேர்ந்து கீழாத்துக்கு ஒழுகறதாம். வந்து பாத்துட்டு எஸ்டிமேட் அனுப்பறேளா?"

"எத்தனை சார்? ஒண்ணா, மூணா?"

"ஒண்ணு போறும்மா" என்றார் அவர்.

அங்கே போகக் கிளம்பி ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போதுதான் அண்ணாச்சியின் போன் வந்தது.

"எம்மா டெல்பினு, மந்தவெளி வேல அந்த ஆதிலுக்குப் போயிட்டாமே? சரி விடு. நீ கூட்டத்துல பேசுனத நான் மனசுல வச்சுக்கல. நாற்காலி அப்படியே கெடக்கு. திங்கக்கெழம வந்துரு."

"அண்ணாச்சி, என் பேர்ல ஒரு பேப்பர் வந்துச்சே, அத யாரு அடிச்சது?"

"புதுசா ஒரு புள்ள வந்திருக்கு, தீபிகான்னு. அதுக்கு ஸ்டூல்தான் போட்டிருக்கேன், நாற்காலி உனக்குத்தான். நீ வந்து சொல்லிக் குடுத்தா நல்லா வரும்."

"எந்தக் கையில கையெழுத்துப் போடுது?"

"ரெண்டுலயும் பழகுதும்மா" என்றார் அண்ணாச்சி பெருமையாக.

டெல்பின் போனை வைத்தாள். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு ஆப்பைத் திறந்தாள். புதிய எஸ்டிமேட். வாடிக்கையாளர்: முத்துகிருஷ்ணன், தி.நகர். வேலை: டெல்பின் என்ற பெயரை ஒரு முறை உபயோகித்த வகையில். தொகை என்ற இடத்தில், அந்தப் பொய்த் தாளில் அவர் போட்டிருந்த அதே தொகையைப் போட்டாள். வேலையில் சேராதவை என்ற இடத்தில் 'நாற்காலி' என்று எழுதினாள். குறிப்பு என்ற இடம் காலியாக இருந்தது. அதிலும் ஒரு வரி எழுதினாள்:

'இந்தப் பெயருக்கு வேறு இரண்டு கொட்டேஷன் கிடைக்காது.'

அனுப்பினாள். அவர் உடனே திறந்து பார்த்துவிட்டதாக ஆப் சொன்னது. டெல்பின் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஸ்ரீரங்கன் வீட்டு ஒழுகலைப் பார்க்கக் கிளம்பினாள்.