கை நோகாதவர்களுக்கு ரிக்கற் இல்லை

"இடக்கையால தூக்குங்கோ."

ஒரு சாண் தடிப்புள்ள விமான நேர அட்டவணைப் புத்தகத்தை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளுகிறார் செல்வரட்ணம். தூக்குகிறபோது முகம் சுளித்தால் தடுப்பு ஊசி போட்டாயிற்று என்று அர்த்தம். மேசை லாச்சி திறந்து விமான ரிக்கற் வெளியே வரும். இது பெண்களுக்கு. ஆண்களுக்குப் புயத்தில் பெருவிரலால் ஒரு அமத்து. "ஆ" என்றால் பாஸ். நோவு ஆறமுன், ஊசி போட்ட மறுநாளே வந்துவிட வேண்டும்.

எங்கள் ஆட்கள் வந்து குடியேறிய அஜின்கோர்ட்டில் இப்படி ரிக்கற் விற்கிறவர் இவர் ஒருவர்தான். மொஸ்கோவில் தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா) பரவுகிற காலம். போன மாரியில் இவரிடம் ரிக்கற் வாங்கிக்கொண்டு போன அருள்நாயகம் அங்கே தொண்டை அடைத்து, ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்து, கடதாசியில் எழுதி எழுதிக் கதைத்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிறந்த சட்டம் இது.

"சின்னனில போட்டதுதானே அண்ணை?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"சின்னனில போட்ட சட்டை இப்ப அளவோ? பத்து வருசத்துக்கு ஒருக்காப் போடவேணும்."

முதலில் இதைப் பகிடியாகத்தான் சொன்னார். நாளுக்குப் பத்துத் தரம் சொல்லிச் சொல்லி, இப்போது பஸ் சாரதி தரிப்பிடங்களின் பெயரை வாசிக்கிற குரலில் வருகிறது. ரிக்கற்றோடு ஒரு சவர்க்காரமும் ஒரு பிளாஸ்ரிக் கோப்பையும் கொடுப்பார். "அங்க மாட்டுப்பட்ட எங்கட பெடியள் பத்துப்பேர் ஒரு கோப்பையில தேத்தண்ணி குடிப்பாங்கள். நீங்கள் இதில குடியுங்கோ. கையைக் கழுவுங்கோ. ஆரும் இருமினா தள்ளி இருங்கோ." சவர்க்காரம் பயணம் போகும். கோப்பை வெளியே பஸ் தரிப்பிடத்து வாங்கில் கிடக்கும். பின்னேரம் அவரே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

இன்றைக்கு வந்தவர் மரியம்மா. மகன் கிளிபோட்டை, இங்கே கொண்டுவருகிறேன் என்று காசு வாங்கிய ஏஜென்ற் மொஸ்கோவில் இறக்கிவிட்டு மறைந்து மூன்று வருடம். இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை இவருக்கு விசா கொடுத்திருக்கிறார்கள். பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மரியம்மா புத்தகத்தை ஒரு இறாத்தல் பாணைப்போலத் தூக்கினார். வலக்கையாலும் தூக்கிக் காட்டினார். ஊசி அட்டையில் பெயர் சரி, நேற்றைய திகதியும் சரி. பக்கத்தில் நின்ற தங்கச்சி பேபி (வயது ஐம்பத்தாறு) கைப்பையைத் தோளில் மாட்டப் போய், "அம்மோய்!" என்று புயத்தைப் பிடித்தார்.

செல்வரட்ணம் பேபியைப் பார்த்தார். பேபி கூரையைப் பார்த்தார்.

"ஊசி ஆருக்குப் போட்டது?"

"அட்டையில என்ர பேர்தானே கிடக்கு," என்றார் மரியம்மா. சுகாதார அட்டையில் படம் இல்லை; தன் அட்டையைக் கொடுத்துத் தங்கச்சியை அனுப்பிவிட்டார். "ஊசியால எனக்குக் காய்ச்சல் வந்தா பிளேனில ஏத்தமாட்டினம் தம்பி. இவளுக்கு வந்தா லீவு போடுவாள்."

"லீவு ஆர் தாறது?" என்றார் பேபி, கையைத் தடவியபடி.

வேறு நாளென்றால் செல்வரட்ணம் கத்தியிருப்பார். இன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "அக்கா, காய்ச்சல் ரெண்டு நாள். அங்க போய்த் தொண்டை அடைச்சா அவனோட எப்பிடிக் கதைப்பியள்? எழுதிக் காட்டியோ?"

மரியம்மா ஊசி அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு மெல்ல, "எனக்கு எழுத வராது," என்றார்.

செல்வரட்ணம் கடையைப் பூட்டி, இருவரையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

மூன்று கதவு தள்ளி டொக்டரின் கிளினிக். நேற்று நடந்ததைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். தாதி அக்காவையும் தங்கச்சியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் இன்னொரு ஊசியை எடுத்தாள். அறைகள் நிரம்பியிருந்தன, மரியம்மாவை நடைவழிக் கதிரையில்தான் இருக்கச் சொன்னாள். எதிரே ஆம்பிளைகள் வரிசையாக இருந்தார்கள். சுவெற்றரைக் கழற்றச் சொன்னதும் மரியம்மா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

செல்வரட்ணம் தன் குளிர்க் கோட்டைக் கழற்றினார். இரண்டு கையாலும் அதை விரித்துத் திரையாகப் பிடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

முடிந்துவிட்டது என்றாள் தாதி. கோட்டுக்கு அந்தப் பக்கம் மரியம்மா அழுகிற சத்தம் கேட்டது. செல்வரட்ணத்தின் கைகள் நொந்து உளைந்தன. அவர் கோட்டை இறக்கவில்லை.