பூட்டிய வீடுகளின் பட்டியல்

முப்பத்தோரு வருடம் தெருத் தெருவாகத் தண்ணீர் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் பெயரை யாரும் கேட்டுக்கொண்டதில்லை; மீட்டர்காரர் என்றால் போதும். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமலே கடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் நாலு பேர் முன்னால் நாலு வார்த்தை பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அரசியல் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர். அந்த வருடம் வார்டு தேர்தலில் மருந்துக்கடைக்கார அம்மா சுயேச்சையாக நின்றபோதுதான் மனம் அசைந்தது. பின்பக்கத்து இரண்டு சந்துகளில் குடிநீரோடு சாக்கடை கலந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, வீடு வீடாகப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, வீட்டு எண் ஒட்டி, நகராட்சி அதிகாரியின் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு வந்தவர் அந்த அம்மா. அந்தக் குழாய் இணைப்பு சரியில்லை என்று மீட்டர்காரரும் பணியிலிருந்தபோது மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று முறையும் அது ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நான்காம் முறை அவர் எழுதவில்லை.

ஓட்டுப் போட்டால் போதாதா, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தேர்தல் வேலைக்கு வேறு போக வேண்டுமா என்று மனைவி கேட்டார். அவர் செருப்பை மாட்டினார்.

மருந்துக்கடைக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் இருந்தது தேர்தல் அலுவலகம். பார்த்துக்கொண்டது அந்த அம்மாவின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வந்தவரிடம் ஒரு போனையும் எண்களையும் கொடுத்து, பேசி ஓட்டுக் கேட்கச் சொன்னார். முதல் ஆளே போன மாதத் தண்ணீர் பில் ஏன் ஏறியது என்று கேட்டுவிட்டார். கழிப்பறைத் தொட்டியில் ஒழுகல் இருக்கும் என்று இருபது நிமிடம் விளக்கிவிட்டு, ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே மீட்டர்காரர் போனை வைத்தார். நான்காவது அழைப்புக்குப் பிறகு தம்பி மரியாதையாகப் போனை வாங்கிக்கொண்டார்.

நோட்டீஸ் மடிக்க உட்கார்ந்தவர் கண்ணில் வேறொன்று பட்டது. வீடு வீடாகப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த தாள்களில் நூற்றுப்பன்னிரண்டு வீடுகளுக்கு எதிரே ‘பூட்டியிருக்கிறது’ என்று எழுதியிருந்தது.

“இது எங்க பூட்டியிருக்கு? முன்வாசல அடைச்சுப் பத்து வருஷமாச்சு. சந்துப் பக்கமா போய்த் தட்டணும்” என்றார்.

பென்சிலை எடுத்துக்கொண்டார். நைட் ஷிப்ட் நர்ஸ், நாலு மணிக்கு மேல் போகவும். மாடிக் குடித்தனம், பெல் வேலை செய்யாது, பெயர் சொல்லிக் கூப்பிடவும். பெரியவருக்குக் காது மந்தம், ஜன்னலைத் தட்டவும். சாயங்காலத்துக்குள் தாள்கள் நிறைந்தன. வாக்குப்பதிவுக்கு எட்டே நாள் இருந்தது. மருந்துக்கடை அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு, “அண்ணே, நீங்களே கூட வந்துடுங்க. பேசறத நான் பேசிக்கறேன்” என்றார்.

தம்பிக்கு ஒரு யோசனை தோன்றியது. “அந்தக் காக்கிச் சட்டை இன்னும் இருக்கா ஐயா? அதப் போட்டுட்டுப் போனா ஒரு கதவும் மூடாது.”

அறையில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

“வேண்டாம் தம்பி. இத்தனை வருஷம் அந்த வேலையத்தான் வீட்டுக்குள்ள விட்டாங்க, என்னை இல்ல. அத வெச்சுக் கதவத் தெறந்தா ஏமாத்துன மாதிரிதான்.”

அக்கா தம்பியை ஒரு பார்வை பார்த்தார். பேச்சு அதோடு நின்றது.

மறுநாளிலிருந்து இருவரும் நடந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லார் கையும் மீட்டர் பெட்டியைத்தான் காட்டியது. அதனால் மீட்டர் பார்க்க வரவில்லை, ரிட்டயராகி இரண்டு வருடமாகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பார். பிறகு அந்த அம்மா பேசுவார்.

ஒரு வீட்டில் மட்டும் அவர் தயங்கித்தான் தட்டினார். மீட்டர் ஓடாமலிருக்கக் காந்தம் வைத்ததாக அவர் எழுதிக் கொடுத்து மாட்டிவிட்ட ஆள் அங்கே இருந்தார். கதவைத் திறந்தவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்து, “உங்க மேல ஒண்ணுமில்லம்மா. இவரக் கூட்டிட்டு வராம இருந்திருக்கலாம்” என்றார். கதவு சத்தமில்லாமல் மூடியது.

தெருவுக்கு வந்ததும், மிச்ச வீடுகளுக்கு வேறு யாரையாவது அழைத்துப் போகும்படி மீட்டர்காரர் சொன்னார். அந்த அம்மா பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்து எந்த வீடு என்று கேட்டார்.

வாக்குப்பதிவுக்குள் அந்த நூற்றுப்பன்னிரண்டில் தொண்ணூற்று நான்கு கதவுகள் திறந்தன. ஐம்பத்தேழு ஓட்டில் அந்த அம்மா தோற்றார். சந்துகள் இருந்த வாக்குச்சாவடியில் மட்டும் அவர்தான் முன்னிலை. ஒரு வாரம் முன்னால் தொடங்கியிருந்தால் கதையே வேறு என்று தம்பி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மீட்டர்காரர் அப்படிக் கணக்குப் போடவில்லை. ஜெயித்தவர் அந்தச் சாவடியின் எண்ணிக்கையைப் பார்த்திருக்க வேண்டும். பதவியேற்ற நான்காம் மாதம் சந்துகளில் குழாய் மாற்ற ஆள் இறங்கியது.

தோண்டுவதைப் பார்த்துவிட்டு அவர் வீடு திரும்பியபோது மனைவி படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். பார்த்தீர்களா, நான் ஓட்டுப் போட்ட ஆள் செய்துவிட்டார் என்றார்.

“நீ அவருக்கா போட்ட?”

“அவங்க வேன் வாசலுக்கே வந்துச்சு. ஏறிட்டேன். ஏறிட்டுப் போய் வேற ஆளுக்குப் போட மனசு வரல.”

“எங்க பக்கமும் வேன் இருந்துச்சே.”

“இருந்துச்சு. யாரு கூப்பிட்டா?”

யோசித்துப் பார்த்தார். கூப்பிடவில்லைதான், சொந்த வீட்டில் ஓட்டுக் கேட்கவும் இல்லை. விரிப்பின் மறுமுனையை வாங்கி எதிர்ப்பக்கமாக முறுக்கினார். தண்ணீர் அவர் காலிலேயே கொட்டியது.