ஹில்மி நானா எழுதிய அறிக்கை

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தரையிறங்கி, பயணிகளை அனுப்பிவிட்டுக் கைபேசியை இயக்கியபோது மாத்தளையிலிருந்து நான்கு அழைப்புகள் தவறியிருந்தன. திருப்பி எடுத்தேன். ஹில்மி நானாவின் மனைவி பேசினார்.

"நானா மௌத்தாகிட்டாங்க வாசுகி. சுபஹு தொழுதிட்டு வந்து நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான்..."

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

எங்கள் விமான நிறுவனத்தில் அவரோடு பறந்தவர்களுக்கு அவர் கண்டிப்பான தலைமை விமானப் பணியாளர். ஒரே ஊர்க்காரி என்பதால் எனக்கு நானா, அதாவது அண்ணன். பயணிகள் ஏறுமுன் ஒவ்வோர் ஆசனத்தின் அடியிலும் கைவிட்டு உயிர்காப்பு அங்கியைத் தொட்டுப் பார்ப்பார். குனிந்து பார்த்தால் போதாதா என்று கேட்டால், "கண்ணு, பழக்கத்துல, 'இருக்குது'ன்னு சொல்லிரும். கைதான் பொய் சொல்லாது" என்பார். முதன்முறையாக வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் பக்கத்தில் மண்டியிட்டு, ஆசனப் பட்டியை இரண்டு மூன்று தடவை கழற்ற வைப்பார். பூட்டுவதை எல்லோரும் கற்றுக்கொள்வார்கள், பதற்றத்தில் மறந்துபோவது கழற்றுவதுதான் என்பது அவர் அனுபவம்.

ஒரு நாளைப் பற்றி மட்டும் நான் விரிவாக எழுத வேண்டும்.

வளைகுடாவிலிருந்து கொழும்புக்குப் புறப்பட இருந்தோம். பின்பக்கக் கதவு என் பொறுப்பு. ஆபத்து வேளையில் அதைத் திறந்தால் காற்றடைத்து விரியும் சறுக்கு ஒன்று உண்டு. அதன் அழுத்தம் சரியென்றால் மானியின் முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கும். அன்று நிற்கவில்லை. மறுநாளைக்கு மறுநாள் என் தம்பிக்குக் கல்யாணம். நான் சொன்னேன்: "நானா, முள்ளு பச்சையை விட்டுக் கொஞ்சம் விலகித்தான் இருக்குது. ஆனா சரியா இருக்கும்."

அவர் வந்து பார்த்தார். பொறியியலாளரைக் கூப்பிட்டார். மாற்றுவதற்கு அங்கே வேறு சறுக்கு இல்லை. கதவைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, அதைச் சுற்றியுள்ள ஆசனங்களை வெறுமையாக விட்டால்தான் பறக்கலாம். ஏறியிருந்தவர்களில் கடைசியாகப் பதிந்தவர்களைத் தரைப் பணியாளர்கள் இறக்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் நாங்கள் பேசுவதைக் கேட்டுத் திரும்பி வந்தார். பெயர் யோகராஜா. வீடு மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில்.

"நீங்க மாத்தளைதானே சார்? அம்மா செத்துட்டாங்க. நாளைக்கு எடுக்கிறாங்க. இதுல போனாத்தான் மொகத்தைப் பாக்கலாம்."

நானா அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தார். தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில், யாராவது ஒருவர் தம் இடத்தை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். எல்லோரும் வருடக்கணக்கில் காத்திருந்து வீடு திரும்புகிறவர்கள். யாரும் எழவில்லை. என் மடக்கு இருக்கையிலாவது உட்கார வைக்கலாமா என்று நான் கேட்டேன். அது பயணிகளுக்கு உரியதல்ல என்று எனக்கே தெரியும். நானா முடியாதென்று தலையை அசைத்தார். யோகராஜா தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தப் பயணத்தில் எதுவும் நடக்கவில்லை. அந்தக் கதவு யாருக்கும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை நானா என்னையும் அழைத்துக்கொண்டு அலுவிகாரைக்குப் போனார். பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். யோகராஜாவின் அக்காவிடம் போய், "உங்க தம்பி வரத்தான் ஏறினாரு. நான்தான் இறக்கினேன்" என்றார்.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் வந்து சேந்துட்டீங்க. பெத்த புள்ள அங்க நிக்கிறான்."

நான் சறுக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நானா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். பிணம் வீட்டைவிட்டுப் போகும்வரை ஓரமாக நின்றோம். திரும்பும்போது, "எங்கட காரணம் அவங்களுக்கு எதுக்கு? யாரைக் கோவிக்கிறதுன்னு தெரிஞ்சாப் போதும்" என்றார்.

யோகராஜா அவரை மன்னிக்கவில்லை. ஒருமுறை மாத்தளைக் கடைத்தெருவில் நேருக்கு நேர் பார்த்தபோது நானா நின்றார். யோகராஜா நிற்காமல் போய்விட்டார்.

அந்தப் பயணத்துக்குச் சில வாரங்கள் கழித்து நிறுவனத்திலிருந்து எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. பழுதைக் கண்டு தெரிவித்தவர் வாசுகி என்று நானா அறிக்கையில் எழுதியிருந்தார். கூசிப்போய் அவரிடமே கேட்டேன்.

"நான் சரியா இருக்கும்னுதானே சொன்னேன். ஏன் அப்படி எழுதினீங்க?"

"முள்ளு விலகியிருக்குதுன்னும் நீங்கதான் சொன்னீங்க. நான் முதல் பாதியை எழுதினேன். அடுத்த முறை அத்தோட நிறுத்துங்க."

அந்த இரண்டாம் பாதியை இத்தனை வருடம் நான் யாரிடமும் சொன்னதில்லை. பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு மனிதரின் கோபத்தை அவர் கடைசிவரை தனியே சுமந்தார். அவரோடு பறந்தவர்கள் இதை அறிய வேண்டும். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கடிதம் ஒன்றுதான். என் பெயருக்கு வந்தது, ஆனால் என்னுடையதல்ல.