புதன்கிழமையின் வெற்றுத்தாள்

ஆய்வகத்தில் அவளுக்கு ‘மூச்சடக்கி’ என்று பெயர். வடிதாளை நுண்தராசில் வைத்தவுடன் மூச்சை நிறுத்துவாள். திரையில் எண் நிலைத்த பிறகே விடுவாள். ஒரு நாள் முழுவதும் நகரக் காற்றை உறிஞ்சிய தாளில் தங்கும் தூசி, ஓர் அரிசிமணியின் எடைக்குக்கூட வராது. ஊதினால் கணக்குக் கெட்டுவிடும்.

வெள்ளையாகப் போகும் தாள், மண் மிகுந்தால் செம்மையாகவும் டீசல் புகை மிகுந்தால் கருமையாகவும் திரும்பும். மீதியைப் பிரித்துச் சொல்வது வேதியியலாளரான இளம்பெண்ணின் வேலை. சிலிக்கனும் அலுமினியமும் மண்ணிலிருந்து வருபவை. துத்தநாகம் தேயும் டயரிலிருந்து. பொட்டாசியம் எரியும் விறகிலிருந்து. சல்பேட்டும் நைட்ரேட்டும் பெரும்பாலும் வாயுக்களாகப் புறப்பட்டு, காற்றிலேயே துகள்களாக மாறுபவை.

மூச்சடக்கியின் தெருமுனைப் பள்ளி மாடியிலும் ஒரு கருவி இருந்தது. புதன்கிழமை காலையில் தாளைப் பொருத்துவாள், மறுநாள் எடுத்துவருவாள். பள்ளிக்கு அடுத்த கட்டடத்தில் அவள் கணவரின் ரொட்டிக்கடை. அங்கே எரிந்தது விறகடுப்பு. விறகுப்புகை மிகுந்த தெருக்களில் அத்தகைய அடுப்புகளை மூடப்போவதாக நகராட்சி அறிவித்திருந்தது. அடுப்பை மாற்ற அவருக்கு வசதியும் இல்லை, மனமும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை வேதியியலாளர் அவளைக் கூப்பிட்டார்.

“அக்கா, உங்க தெருத் தாள்ல பொட்டாசியத்தைத் தேட வேண்டியிருக்கு. வெற்றுத்தாளை மாத்திக் குடுத்துட்டீங்களா?”

காற்று உறிஞ்சாமல், கையாள்வதில் பிழை உண்டா என்று பார்ப்பதற்காக மட்டும் கொண்டுபோய்க் கொண்டுவரும் தாளுக்கு வெற்றுத்தாள் என்று பெயர்.

“மாத்தல. பம்பு ஓடுச்சு, எடையும் ஏறியிருக்கே.”

“அப்போ உங்க தெருவுல விறகே எரியலன்னு எழுதிடலாம். பழி மொத்தமும் பஸ் தலையில.”

அன்று காலைகூட அவள் தலைமுடியில் விறகுப்புகை வாடை வீசியது. யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவளுக்கு ஒன்று உறைத்தது: ஞாயிற்றுக்கிழமை விடுமுறையாக இருந்த கடை, இந்தத் தெரு அவள் பொறுப்புக்கு வந்த பிறகுதான் புதன்கிழமைக்கு மாறியிருந்தது.

“ஏங்க, புதன்கிழமை எதுக்கு லீவு விடுறீங்க?”

“உனக்காகத்தான். தாளெல்லாம் கரியாப் போச்சுன்னு ஒரு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்தியே? நம்ம தெருத் தாளாவது பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு...”

“அது என்ன பள்ளிக்கூடச் சட்டையா, பளிச்சுன்னு இருந்தா பாராட்ட? வெற்றுத்தாளைக் குடுத்துட்டேன்னு என்னைச் சந்தேகப்படுறாங்க.”

“கறுப்பா இருந்தா உன்னைத் திட்ட மாட்டாங்களா?”

“என்னை எதுக்குத் திட்டுறாங்க? அடுப்பைத்தான் கேப்பாங்க.”

அவர் கைகளில் படிந்திருந்த மாவைத் தட்டினார்.

“அப்போ வெள்ளையாவே இருக்கட்டும். தெரியாம செஞ்சாலும் நல்லதாத்தான் போச்சு.”

மறுநாள் அவள் வேதியியலாளரிடம் போனாள்.

“புதன்கிழமை எங்க அடுப்புக்கு லீவு. தாளை வேற கிழமைக்கு மாத்தணும்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா அக்கா? கடைசியில உங்க வீட்டுலதான் வந்து நிக்கும்.”

“யோசிச்சா சொல்ல மாட்டேன். இப்பவே மாத்திடுங்க.”

வெள்ளிக்கிழமை காலை, தாள்பெட்டியோடு அவள் பள்ளிக்குள் நுழைவதைக் கணவர் கடைவாசலிலிருந்து பார்த்துவிட்டார். அவருக்குப் பின்னால் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே!”

“ஆமா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னா அணைச்சிடுவீங்களே.”

அவர் உள்ளே போனார். அடுப்பை அணைக்கவில்லை, முதல் ஈடு ரொட்டி பாதி வெந்திருந்தது.

தாள் பழுப்பேறித் திரும்பியது. அதை எடைபோடும்போதும் அவள் வழக்கம்போல் மூச்சை நிறுத்தினாள். எண் நிலைத்ததும் விட்டாள். அடுத்தடுத்த வாரங்களின் தாள்களும் அதையே சொல்லின. பேருந்தின் பங்கு குறைந்தது. விறகின் பங்கு ஏறியது. சில மாதங்களில் நகராட்சி ஆட்கள் வந்து ரொட்டிக்கடையின் புகைபோக்கியைக் கழற்றினார்கள். கணவர் அவர்களுக்கு ஏணி பிடித்தார். அன்று முழுவதும் அவளிடம் பேசவில்லை.

கடன் வாங்கி மின்னடுப்பு வைத்த முதல் நாள், வெளிறிய ஒரு ரொட்டியை அவள் முன்னால் வைத்தார்.

“இந்தா, உன் வெற்றுத்தாள்.”

அவள் பிய்த்து வாயில் போட்டு, நிதானமாக மென்றாள்.

“வேகல” என்றாள்.

அவர் அதை எடுத்துக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினார்.